வெள்ளை போட், நீல போட்

நீங்களே சொல்லுங்கண்ணே, வெள்ளையா, நீலமா?

நீலம்னுதான் சொல்லுவீங்கன்னு தெரியும். எங்க வீட்டுக்காரரும் நீலம்தான். பல்லு வெளக்கும்போது கேட்டாலும் வாயில நொரையோட நீலம்பாரு. இந்த வீட்டுல நான் ஒருத்திதான் வெள்ளைக் கட்சி. பாப்பா எந்தக் கட்சின்னா, யாரு கையில மிட்டாய் இருக்கோ அந்தக் கட்சி.

உக்காருங்க சண்முகம் அண்ணே. அந்தச் சேர் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. அவரு வந்துருவாரு. அபர்தீன் பஜாருக்குப் போயிருக்காரு, கேக்கு வாங்க. போட்டுக்கு அட்வான்ஸ் குடுக்குற நாளும் அதுவுமா உங்கள வெறும் டீயோட அனுப்ப முடியுமா? பக்கத்து பேக்கரி கேக்கு ரப்பர் ஷீட்டு மாதிரி இருக்கும், பஜார்லயே வாங்கிட்டு வாங்கன்னு நான்தான் அனுப்புனேன். ஸ்கூட்டியில போயிட்டு வர அரை மணி நேரம், கூட்டமா இருந்தா முக்கா மணி. பாப்பாவும் தொத்திக்கிட்டுப் போயிருக்கு.

அதுக்குள்ள நாலு பஜ்ஜி போட்டுர்றேன். பேசிக்கிட்டே போடலாம், நீங்க அங்கேர்ந்தே பேசுங்க. எங்க வீடு அவ்வளவுதான், ஹால்ல தும்முனா கிச்சன்ல இருக்கவ மூக்கத் தொடைச்சுக்கணும்.

கோவமா? எனக்கென்ன கோவம். ரெண்டும் நல்ல போட்தானண்ணே, அதான் பிரச்சனையே. ஒண்ணு ஓட்டையா இருந்தா அன்னைக்கே முடிவு பண்ணியிருப்போம். சேல எடுக்கப் போனாலும் அப்படித்தான். ஒண்ணு நல்லாயிருந்து ஒண்ணு நல்லாயில்லன்னா அஞ்சு நிமிசத்துல வீட்டுக்கு வந்துரலாம். ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா கடைக்காரரு ஷட்டர எறக்குற வரைக்கும் அங்கதான் உக்காந்திருக்கணும்.

இருங்க, பிளேன் போகட்டும்.

ம், போயிருச்சு. லம்பா லைன்ல குடியிருந்தா பாதிப் பேச்சு பிளேனுக்குத்தான். எங்க சண்டையெல்லாம்கூட நடுவுல நிறுத்தி நிறுத்தித்தான் நடக்கும். திரும்ப ஆரம்பிக்கறதுக்குள்ள என்ன சண்டைன்னு மறந்துரும். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல குடியிருக்கவங்க யாரும் டைவர்ஸ் பண்ண மாட்டாங்கன்னு நெனைக்கிறேன்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், போட். இந்தத் தெருவுல எல்லாரும் கேக்குறாங்கண்ணே, கரண்ட் ஆபீஸ் லைன்மேனுக்கு எதுக்குப் போட்னு. மீன் புடிக்கவா, டூரிஸ்ட்ட ஏத்தவான்னு. சும்மா, ஞாயித்துக்கிழமை நாங்க போயிட்டு வர்றதுக்குன்னு சொன்னா ஒரு மாதிரி பாக்குறாங்க. எதிர்வீட்டு பெங்காலி தீதி, க்யா பாத் ஹை, படா ஆத்மி பன் கயான்னு கிண்டல் பண்ணுது. பெரிய மனுசன் ஒண்ணுமில்ல. ஆறு வருசமா வேற ஒண்ணும் வாங்காம சேத்தது. மெயின்லேண்ட்லேர்ந்து வர்றவன் மூணு நாள்ல எல்லாத் தீவையும் சுத்திட்டுப் போறான். இங்கயே இருக்க நாங்க லீவு நாள்ல என்ன பண்றோம்? மெரினா பார்க்குல பாப்கார்ன் வாங்கிக் குடுத்துட்டுத் திரும்பி வர்றோம். சுத்தித் தண்ணி இருக்க ஊர்ல பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்குறோம்.

தண்ணியா? ஜில்லுன்னு வேணுமா? அதோ, ஒங்களுக்கு இடது கைப் பக்கம் பிரிட்ஜ் இருக்கு பாருங்க. தொறங்க. கூச்சப்படாதீங்க, தொறந்து பாருங்க.

என்ன இருக்கு?

மேல பாப்பாவோட யூனிபாரம். நடுவுல நோட்டு. கீழ பத்து கிலோ அரிசி. கதவுல முட்ட வைக்கிற எடத்துல எங்களோட மாத்திரை, ஸேஃப்டி பின்னு. சிரிங்க, பரவாயில்ல, எல்லாரும் சிரிப்பாங்க. லைட்டுகூட எரியாது. இந்தாங்க, பானைத் தண்ணி.

அது நாலு வருசத்துக்கு முன்னாடி அவரு வாங்குனது. மெயின்லேண்ட்லேர்ந்து, போன்ல பாத்து. டபுள் டோர், பாதி வெல, கப்பல்ல வந்து சேரும்னான் ஒருத்தன். நான் வேணாம்னேன். நீ சும்மா இரு, ஒனக்குத் தெரியாதுன்னாரு. இருபது நாள் கழிச்சு கப்பல்ல வந்துச்சு. நாலு பேரு தூக்கிட்டு வந்து எறக்கி வச்சாங்க. பாக்க ராஜா மாதிரி இருந்துச்சு. பின்னால பாத்தா கம்ப்ரசரே இல்ல. வெறும் பொட்டி. போன் பண்ணுனா நம்பரு ஸ்விட்ச் ஆஃப். கரண்ட் ஆபீஸ்ல வேல பாக்குற மனுசன், கரண்டு பெட்டி வாங்கி ஏமாந்துட்டாரு. இதவிட என்ன வேணும் சொந்தக்காரங்களுக்கு?

எங்க நாத்தனா வசந்தகுமாரி கட்சால் தீவுல இருக்கு. அவங்க வீட்டுக்காரரு முருகானந்தம், ரப்பர் தோட்டத்துல சூப்பர்வைசர். நல்ல மனுசன்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அன்னைலேர்ந்து இவருக்குப் பேரு பிரிட்ஜு. வீடியோ கால் பண்ணுனா மொத வார்த்த, என்ன மாப்ள, ஐஸ் கட்டி இருக்கா? பொங்கலுக்குப் போனோம், அங்க பிள்ளைங்ககூட பிரிட்ஜு மாமா வந்தாச்சுன்னு ஓடி வருதுங்க. இவரும் சேந்துதான் சிரிப்பாரு. கேட்டா, அதுல என்ன இருக்கு, பிள்ளைங்கதானங்கறாரு.

ஆனா பாருங்க, அதுக்கடுத்த வருசம் நாத்தனா பொண்ணுக்கு சடங்கு வச்சாங்க. தாய்மாமன் இவருதான. சீரெல்லாம் வாங்கி என்கிட்டயும் பாப்பாகிட்டயும் குடுத்து கப்பலேத்தி விட்டுட்டாரு. அவரு வரல. டூட்டி மாத்திட்டாங்கன்னாரு. அன்னைக்கு அவருக்கு டூட்டி இல்ல. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது.

அதுக்குத்தாண்ணே சொல்றேன், இந்தப் போட் விசயத்துல அவரு ஏமாந்துறக் கூடாது. வர்ற லீவுக்கு நாத்தனா குடும்பமே கட்சால்லேர்ந்து வருது, அவங்க ரெண்டு பேரு, பிள்ளைங்க மூணு. எல்லாரையும் நம்ம போட்ல கூட்டிட்டுப் போறேன்னு போன்ல சொல்லிட்டாரு. அதுக்கு அந்த முருகானந்தம் அண்ணன் என்ன கேட்டாரு தெரியுமா? போட்டுக்கு இன்ஜின் இருக்கா மாப்ளன்னு.

எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் சிரிச்சாரு.

பஜ்ஜி எடுத்துக்கங்க. சூடா இருக்கு, ஊதிச் சாப்புடுங்க.

மொத மொதல்ல ஜங்லிகாட்ல நீங்க வெள்ளை போட்டக் காட்டுனீங்கள்ல, அன்னைக்கு நான் பண்ணுன கூத்து உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு தட்டுல தண்ணி ஊத்தி சீட்டுல வச்சேன், எந்தப் பக்கம் வழியுதுன்னு பாக்க. அப்புறம் நான் ஒரு ஓரமாப் போயி உக்காந்தேன், அறுபத்தெட்டு கிலோ, எவ்வளவு சாயுதுன்னு பாத்தேன். நீங்க வேற பக்கம் திரும்பிக்கிட்டீங்க, மரியாத தெரிஞ்ச மனுசன். பிரியாணிக் குண்டான் எங்க வைக்கலாம், நாத்தனாவுக்கு மூட்டு வலி, சேல கட்டிக்கிட்டு எந்தப் பக்கமா ஏறலாம், பிள்ளைங்களுக்கு அவசரம்னா என்ன பண்றது, இதெல்லாம் ஆம்பளைங்க கேப்பீங்களா? இன்ஜின் எத்தன ஹெச்.பி.ன்னு மட்டும்தான் கேப்பீங்க. இருபத்தஞ்சு ஹெச்.பி.யில குண்டான் கவுந்தா யாரு அள்ளுவா?

சீட்ட ஜாண் போட்டு அளந்தேன். பதினோரு ஜாண். பின்னால ஏறுற எடத்துல ஒரு சின்னப் படி இருந்துச்சு. எனக்கு அந்தப் படிதான் ரொம்பப் புடிச்சுது.

பாப்பாவும் அன்னைக்கு எல்லா எடத்துலயும் பூந்து பூந்து வந்தா. அங்கதான் கிளிப்பத் தொலைச்சா. மஞ்சக் கலர் பட்டாம்பூச்சி கிளிப்பு. ஒரு ரெக்க ஒடைஞ்சு போயி, நான் சிவப்பு நூல் சுத்திக் கட்டிக் குடுத்தது. என்னா அழுக. நீங்ககூட பாவம், குனிஞ்சு போன் டார்ச் அடிச்சுத் தேடுனீங்களே. தண்ணியில விழுந்திருக்கும்மான்னு சொன்னீங்க. வேற வாங்கிக் குடுத்தேன், அது வேணாங்கறா. அந்தப் பூச்சிதான் வேணுமாம்.

நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், வெள்ளைதான்னு. வெலயும் கட்டுச்சு. நீங்கதான் அவசரப்படாதீங்கன்னீங்க. இது கொஞ்சம் ஓடுன போட், இதே கம்பெனி, இதே அச்சு, இன்னொண்ணு பாம்பூபிளாட்ல வருது, ஒருத்தரு ஆசயா வச்சிருந்தது, அதையும் பாத்துட்டு சொல்லுங்கன்னீங்க. புரோக்கரே அவசரப்படாதீங்கன்னு சொன்னா மனுசங்க நம்பத்தான செய்வாங்க. எங்க வீட்டுக்காரரு வர்ற வழியெல்லாம் ஒங்களப் பத்தித்தான் பேச்சு. சண்முகம் அண்ணன் மாதிரி ஆளு கெடைக்க மாட்டாங்கன்னு.

டீயில சீனி பத்தலையா? ஒரு மாதிரி குடிக்கிறீங்க. சரி சரி.

மூணு வாரம் கழிச்சு சாத்தாம்லேர்ந்து பெர்ரி ஏறி பாம்பூபிளாட் வந்தோம். அங்க நீலம் நிக்குது. பெயிண்ட் வாசன அப்பவே அடிச்சுது. மேல புதுசா துணிக் கூர, சீட்டுக்கு ஒறை, முன்னால ஒரு கொடி வேற. வெள்ளைய விட அறுபதாயிரம் கூட. போட் நம்பரு எழுதுற எடத்துல ஒரு டயரு தொங்குச்சு. நான் அதக் கேட்டேன், கரையில மோதாம இருக்கன்னு சொன்னீங்க. பேப்பரெல்லாம் அட்வான்ஸுக்கு அப்பறம் காட்டுறேன்னீங்க. சரின்னுட்டோம்.

அவரு ஓட்டிப் பாத்தாரு. ஐயோ, அந்த மொகத்த நீங்க பாத்திருக்கணும். நீங்க பாக்கல, கயிறு அவுத்துக்கிட்டு இருந்தீங்க. பின்னால உக்காந்து இன்ஜின் கைப்புடியப் புடிச்சுக்கிட்டு ஒரு வளைவு போட்டாரு பாருங்க. முடியெல்லாம் பறக்குது, பல்லு முப்பத்திரெண்டும் வெளிய. பொண்ணு பாக்க வந்தப்பகூட அப்படி சிரிக்கல.

வீட்டுக்கு வந்ததும் நோட்டுல நடுவுல கோடு கிழிச்சாரு. இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் நீலம். ரெண்டு வாரம் எங்க வீட்டுல வேற பேச்சே கெடையாது. வெள்ளைய ஸ்டார்ட் பண்ண மூணு தடவ இழுக்கணும், நீலம் ரெண்டே தடவ. வெள்ளையோட இன்ஜின் இருமுற மாதிரி இருக்கு, நீலத்தோடது பாடுற மாதிரி இருக்கு. வெள்ளை அலையில தட்டுது, நீலம் வழுக்கிக்கிட்டுப் போகுது. வெள்ளையில உக்காந்தா இடுப்பு வலிக்குது, நீலத்துல வலிக்கல. ஏங்க, மொத்தமே பத்து நிமிசம் உக்காந்தீங்க, அதுக்குள்ள இடுப்புக்கு என்னங்க தெரியும்னு கேட்டேன். அனுபவம்டி அதுங்கறாரு.

நான் விடல. வெள்ளைக்கு நான் கட்சி கட்டுனேன். வெள்ளையிலதான் படி நல்லாயிருக்கு, நீலத்துப் படி ஒரு விரல்கட கம்மின்னு சும்மா அடிச்சு விட்டேன். அவரு டேப் எடுத்துக்கிட்டு பாம்பூபிளாட் வரைக்கும் போயி அளந்துட்டு வந்து, உமா, நீலத்துப் படி ஒண்ணும் கம்மியில்லங்கறாரு. இந்த நாலு வருசத்துல அவரு இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. எதாவது வாங்கணும்னாலே, நீயே பாத்து வாங்கிக்கன்னு போயிருவாரு. செருப்புகூட நான்தான் வாங்கிக் குடுக்குறேன். இப்ப பாருங்க, சோறு திங்கும்போது தட்டுல சாம்பார வச்சு அலை இப்படி வருது, நீலம் இப்படிப் போகுதுன்னு காட்டுறாரு.

எந்திரிக்கிறீங்களா? எங்க? போன் வருதா? பேசுங்க, இங்கயே பேசுங்க, நான் காதப் பொத்திக்கிறேன். கட்டாயிருச்சா. அப்ப உக்காருங்க. வேர்க்குது ஒங்களுக்கு, பேன இன்னும் ஒண்ணு கூட்டி வைக்கிறேன்.

இருங்க, இன்னொரு பிளேன்.

ம்.

அந்த பிரிட்ஜு கதவுல, மாத்திரைக்குப் பக்கத்துல ஒரு சின்ன டப்பா இருக்கு பாருங்கண்ணே. அதத் தொறங்க.

அதேதான். மஞ்சப் பட்டாம்பூச்சி, சிவப்பு நூலு.

தண்ணியில விழலண்ணே. சீட்டுக்கு அடியில, அந்த மூலையில தண்ணி வடியிற ஓட்ட இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல கெடந்துச்சு. நீல போட்டு சீட்டுக்கு அடியில. அவரு வளைவு போட்டு முடிச்சுக் கரைக்கு வந்துக்கிட்டு இருக்காரு, பாப்பா உள்ள பூந்தா, தலையில மாட்டிக்கிட்டு வெளிய வந்தா. அம்மா, பூச்சி இங்க வந்திருச்சுங்கறா. அவளுக்கு அது ஒண்ணும் அதிசயமில்ல. ஜங்லிகாட்லேர்ந்து பாம்பூபிளாட்டுக்குப் பூச்சி பறந்து வந்திருக்கு, அவ்வளவுதான்.

நானும் குனிஞ்சு பாத்தேன். வெளிய பூரா நீலம், உள்ள அந்த மூலை மட்டும் வெள்ளை. சீட்ட ஜாண் போட்டேன். பதினோரு ஜாண். ஒங்க ஆளுங்க பெயிண்ட் அடிச்சாங்க, கூர போட்டாங்க, கொடி கட்டுனாங்க. சீட்டுக்கு அடியில ஒரு தடவ கூட்டல. ஆம்பளைங்க வேல அவ்வளவுதாண்ணே. வீடு கூட்டுறவ கண்ணு நடு ஹாலப் பாக்காது, மூலையத்தான் பாக்கும்.

இல்லண்ணே, ஒண்ணும் சொல்லாதீங்க. ஓனரு சொன்னாரு, பெயிண்டரு சொன்னாருன்னு எதுவும் வேணாம். நான் சண்ட போடவா கூப்புட்டேன்? சண்ட போடணும்னா அன்னைக்கே போட் கட்டுற ஜெட்டியிலயே போட்டிருப்பேன். கட்சால்ல பொறந்தவ நான், தோட்டத்து ஸ்கூல்ல பத்தாவது வரைக்கும்தான் படிப்பு, ஆனா கொரலு நல்லா வரும். பாம்பூபிளாட் பூரா கேட்டிருக்கும். டயரத் தூக்கி நம்பர போட்டோவும் எடுத்துட்டேன். மொத தடவ பாப்பாவ வெள்ளை போட்டுக்கு முன்னாடி நிக்க வச்சு எடுத்த போட்டோவுலயும் அதே நம்பரு இருக்கு. அது பாட்டுக்கு போன்ல கெடக்கட்டும். யாருக்கும் அனுப்பல.

ஏன் சத்தம் போடலன்னு கேக்குறீங்களா? வாயத் தொறந்தேண்ணே. தொறந்துட்டு அவரப் பாத்தேன். அவரு கரையில எறங்கி, கால்ல தண்ணி சொட்டச் சொட்ட நின்னுக்கிட்டு, ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்காரு: அந்த போட்டுக்கும் இந்த போட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாத்தீங்களா, ஓட்டிப் பாத்தாதான் தெரியுதுன்னு. நீங்களும் தலையாட்டுறீங்க.

நான் வாய மூடிக்கிட்டேன்.

சொன்னா என்ன ஆகும்? ஒங்களத் திட்டுவாரு, அது அன்னைக்கோட போயிரும். அப்புறம் தெரிஞ்சுபோயிரும்ணே, எப்படியாவது கட்சாலுக்குத் தெரிஞ்சுரும். இந்தத் தீவுல எது நிக்கும்? கப்பலுக்கு முன்னாடி சேதி போயிரும். ஒரே போட்ட ரெண்டு தடவ பாத்து, நடுவுல கோடு கிழிச்சு, ரெண்டுல எது நல்லதுன்னு ரெண்டு வாரம் யோசிச்சவருன்னு சொல்லுவாங்க. பிரிட்ஜுங்கற பேரு போயி போட்னு வரும். அது சாகுற வரைக்கும் போகாது. அப்புறம் அவரு செருப்பு என்ன, தீப்பெட்டிகூட தானாப் போயி வாங்க மாட்டாரு. கட்சாலுக்குப் போற ஒவ்வொரு கப்பலுக்கும் அவருக்கு டூட்டி வந்துரும்.

பாப்பா வாயத்தான் அடைக்கக் கஷ்டமாப் போச்சு. பூச்சி கெடச்சத அப்பாகிட்ட சொல்லக் கூடாது, பொறந்த நாளைக்கு அப்பாவுக்கு சர்ப்ரைஸ்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்கு தெனம் ஒரு மிட்டாய். இப்பகூட வாயில ரெண்டு அடைச்சுத்தான் அனுப்பியிருக்கேன்.

நாலரைக்குத்தான் அவரு ஒங்கள வரச் சொன்னாரு. காலையில போன் பண்ணி நாலுன்னு மாத்துனது நான்தான். இதுக்குத்தான்.

போட் வேணாம்னு யாரு சொன்னா? போட் நல்ல போட்ணே. என்னையும் விடுங்க, பொய் சொல்லத் தெரியாத ஆளு ஒருத்தரு இருக்காரு, எங்க தெருவுக் கடைசியில இன்ஜின் ரிப்பேர் பாக்குற வெள்ளைச்சாமி அண்ணன். அவர போன திங்கக்கெழம கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டேன். இன்ஜின் சுத்தம், அடி சுத்தம், தைரியமா வாங்கும்மான்னுட்டாரு. லைஃப் ஜாக்கெட்டு மட்டும் பிள்ளைங்க சைஸுல நாலு இல்ல. அத நீங்க வாங்கி வைக்கிறீங்க. ஆமா, நீங்கதான். கடலப் பத்தி கட்சால்காரிகிட்ட யாரும் பாடம் நடத்த வேணாம், ஜாக்கெட்டு இல்லாம என் பிள்ள மட்டுமில்ல, ஒரு பிள்ளையும் ஏறாது. அப்புறம் அந்தக் கொடி, அது இருக்கட்டும், அவருக்குப் புடிச்சிருக்கு. நீலமும் இருக்கட்டும். ஒரே போட்ட ரெண்டு தடவ பாத்தேன், ரெண்டு தடவையும் எனக்குப் புடிச்சிருந்துச்சு. கல்யாணத்துலகூட அவ்வளவு உறுதியா இருந்ததில்ல நானு.

வெல மட்டும் வெள்ளையோட வெல. ஒங்க கமிசன் ஒங்களுக்கு. அதுல நான் கை வைக்க மாட்டேன்.

ஆனா அத நீங்களாக் கொறைக்கக் கூடாது. கவனமாக் கேளுங்க, டயம் ஆயிருச்சு. அவரு வந்து பேரம் பேசுவாரு. காலையில கண்ணாடி முன்னாடி நின்னு கைய ஆட்டி ஆட்டிப் பேசிப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் பாத்தது அவருக்குத் தெரியாது. வெள்ளை போட்டோட வெலைக்கே நீலத்தக் கேட்டுப் பாருங்க, கேட்டா காசா பணமான்னு நான்தான் ஏத்தி விட்டேன். கெடைக்காதுடி, இது வேற கிளாஸுன்னாரு. ஆனாலும் கேப்பாரு. லாஸ்ட் பதாவோ, கடைசி வெலயச் சொல்லுன்னு ஹிந்தியில ஒரு வரி வச்சிருக்காரு, அது வரும்போது நீங்க சிரிக்கக் கூடாது. கொஞ்சம் பயந்த மாதிரி இருக்கணும்.

மொத தடவ கேப்பாரு. முடியாதுங்க. ஓனருகிட்ட என்ன சொல்லுவேன்னு கேளுங்க. ரெண்டாவது தடவ கேப்பாரு, அப்பவும் முடியாதுங்க. அப்ப நான் உள்ளேர்ந்து, வுடுங்க, நமக்கு வெள்ளையே போதும்னு சொல்லுவேன். அவரு கோவத்தோட எந்திரிச்சு வெளிய போவாரு. அவரு வீட்டுலேர்ந்து அவரே கோச்சுக்கிட்டு எங்க போறதுன்னு கேக்காதீங்க, அவரு அப்படித்தான் யோசிச்சு வச்சிருக்காரு. ஸ்கூட்டி வரைக்கும் போயி நிப்பாரு. ஒங்களையே பாக்காம வானத்தப் பாப்பாரு.

நீங்க எந்திரிச்சு வாசலுக்குப் போயி கூப்புடணும். குணா, வாங்க, ஒங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாதுன்னு சொல்லணும். கொஞ்சம் சத்தமா. எதிர்வீட்டு தீதி அந்த நேரம் வெளியதான் நிக்கும். தீதிக்குத் தமிழ் புரியாது, அதனால ஒரு தடவ ஹிந்தியிலயும் சொல்லிருங்க. அப்புறம் நாத்தனா குடும்பம் வர்ற அன்னைக்கு ஜெட்டிப் பக்கம் நீங்க தற்செயலா வர்ற மாதிரி வரணும். முருகானந்தம் அண்ணன் காதுல விழற மாதிரி, ஒங்க மச்சான்கிட்ட வியாபாரம் பண்றது லேசில்லங்கன்னு ஒரு வார்த்த போட்டுட்டுப் போயிருங்க. அது போதும். அப்புறம் அந்தப் போட்டோவ நான் போன்லேர்ந்து அழிச்சுர்றேன்.

டப்பாவ மூடி அங்கயே வைங்க. கதவச் சாத்துங்க. நல்லா அழுத்துங்க, சிலசமயம் தானாத் தொறந்துக்கும்.

ஸ்கூட்டி சத்தம் கேக்குதா? அவருதான். தெருமுன வந்துட்டாரு, பாப்பா ஹாரன் அடிக்கிறா. மொகத்தத் தொடைங்க, அந்தத் துண்டு இருக்கு பாருங்க. பஜ்ஜி ஒண்ணு கையில எடுத்துக்கங்க, வந்து இவ்வளவு நேரமா ஒண்ணுமே பேசலங்கற மாதிரி இருங்க.

சண்முகம் அண்ணே, ஒங்கள கூடப் பொறந்தவரா நெனச்சுக் கேக்குறேன். ரெண்டு தடவ முடியாதுங்க. மூணாவது தடவ அவருகிட்ட தோத்துருங்க.